முகம் வேண்டாம், கோடு மட்டும் போதும்

1770 ஜனவரி 20. நியூசிலாந்தின் தென்தீவில் குயின் சார்லட் சவுண்ட் என்ற கடற்கழி. கேப்டன் குக்கின் கப்பலில் வந்திருந்த ஜோசப் பேங்க்ஸ், படகில் வந்த, அந்த மண்ணின் பூர்வகுடியான மாவோரிக் கிழவர் ஒருவரிடம் பேரம் பேசினார். சரக்கு, பதினான்கு பதினைந்து வயதுப் பையன் ஒருவனின் பதப்படுத்திய தலை. விலை, வெள்ளை லினன் உள்காற்சட்டை ஒன்று; அதுவும் பழசு. கிழவர் உள்காற்சட்டையை வாங்கிக்கொண்டார். தலையைக் கொடுக்க மனம் வரவில்லை. பேங்க்ஸ் துப்பாக்கியைக் காட்டினார். மனம் வந்துவிட்டது.

பேங்க்ஸே இதைத் தம் நாட்குறிப்பில் கூச்சமில்லாமல் எழுதிவைத்திருக்கிறார். பின்னாளில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவராக இருந்த பெரிய மனிதர். ஐரோப்பியர் கைக்குப் போன முதல் மாவோரித் தலை அது. முதல் போணியே இந்த லட்சணம்.

அன்று தொடங்கிய வியாபாரத்துக்கு விதி ஒன்றே ஒன்றுதான்: கலை வேண்டும், கலைக்குரிய ஆள் வேண்டாம். முகத்தில் இருக்கும் கோடு பிரமாதம். கோடு இருக்கும் முகம்தான் தொந்தரவு. அருங்காட்சியகம், அரசாங்கம், விமான நிறுவனம், சிகரெட் கம்பெனி, பொம்மைக் கம்பெனி, கடைசியில் நாடாளுமன்றம் என்று எல்லோரும் இந்த விதியை இரண்டரை நூற்றாண்டாகக் கட்டிக் காத்து வருகிறார்கள். மாவோரிகளோடு போட்ட ஒப்பந்தத்தை இதில் பாதி பக்தியோடு காத்திருந்தால் அந்த நாட்டின் சரித்திரமே வேறாக இருந்திருக்கும்.

அந்தக் கோட்டுப் பச்சைக்குப் பெயர் மோகோ. அது ஊசி வேலை இல்லை, உளி வேலை. அல்பட்ராஸ் பறவையின் எலும்பைச் சீவி, கைப்பிடி கட்டி, சின்னக் கோலால் தட்டித் தட்டித் தோலில் பள்ளம் பறிப்பார்கள். பிறகு பல் வைத்த இன்னொரு உளியால் கரியை உள்ளே இறக்குவார்கள். கவுரி மரத்தின் பிசினை எரித்து எடுத்த கரி. புண் ஆறிய பிறகு முகத்தைத் தடவினால் விரலுக்கு வரப்பும் வாய்க்காலும் தட்டுப்படும். வீங்கிப்போய் வாய் திறக்க முடியாத நாட்களில், செதுக்கு வேலை செய்த மரப் புனல் ஒன்றின் வழியாக உணவை ஊற்றுவார்கள். சமைத்த உணவு அந்த முகத்தில் படக் கூடாது. தலை ‘தாப்பு’, விலக்கு உடைய புனிதம். ஆணுக்கு முழு முகம். பெண்ணுக்கு உதடும் தாடையும். அதற்குப் பெயர் மோகோ கௌவாயே. எந்தக் குடி, யார் வழி, என்ன தகுதி எல்லாம் அந்தக் கோட்டில் இருக்கிறது. ஒருவர் கோடு இன்னொருவருக்கு ஆகாது. தே பெஹி குப்பே என்ற தலைவர் லிவர்பூலில் இருந்தபோது, கண்ணாடி பார்க்காமலே தம் முகத்தின் கோடு அத்தனையையும் காகிதத்தில் வரைந்து கொடுத்தார். நம்மில் எத்தனை பேருக்குச் சொந்த ஆதார் எண் மனப்பாடமாகத் தெரியும்?

தலைவர் இறந்தால் தலையைப் புகைபோட்டு, சுறா எண்ணெய் தடவிப் பதப்படுத்திக் குடும்பத்தார் வைத்துக்கொள்வார்கள். முக்கியமான நாட்களில் வெளியே எடுத்து அழுவார்கள். எதிரியின் தலையையும் வைத்திருப்பார்கள், ஏசுவதற்கு. சமாதானம் பேசும்போது அதைத் திருப்பிக் கொடுப்பதும் உண்டு. அன்போ பகையோ, அந்தத் தலைக்கு ஒரு பெயர் இருந்தது. பெயரைப் பற்றிக் கவலையே இல்லாத வாடிக்கையாளர்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள்.

1820களில் தலைக்கு மாற்று துப்பாக்கி. பக்கத்துக் குடியிடம் துப்பாக்கி வந்துவிட்டது, நம்மிடம் இல்லை என்றால் அடுத்து உருளப் போவது நம் தலை என்ற நிலை. தலைவர்களும் விற்றார்கள், அதை மூடி மறைப்பதற்கில்லை. ஆனால் சொந்தப் பாட்டனின் தலையை விற்க யாருக்கு மனம் வரும்? போரில் பிடிபட்ட அடிமைகள் இருந்தார்கள். மோகோவுக்குத் தகுதியே இல்லாதவன் என்று ஒதுக்கப்பட்டவனுக்கு, தலை நல்ல விலைக்குப் போக வேண்டும் என்பதற்காகவே மோகோ குத்தப்பட்டது. குத்திய பிறகு என்ன செய்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஐரோப்பியச் சீமான் தன் வரவேற்பறையில் விருந்தாளிகளுக்குச் சுட்டிக்காட்டிய ‘அசல் பூர்வகுடிக் கலை’யில் ஒரு பகுதி இப்படித் தயாரானது. மாவோரிக் கலைக்கு நாகரிக உலகம் வழங்கிய முதல் ஊக்கத்தொகை அதுதான்.

1831 ஏப்ரலில் நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் டார்லிங் இந்த இறக்குமதிக்குத் தடை போட்டார். மீறினால் நாற்பது பவுண்டு அபராதம். மனிதத் தலை வந்து இறங்குகிறது. அது சுங்கத் துறை பார்த்துக்கொள்ள வேண்டிய சமாச்சாரமாகிவிட்டது.

அப்புறம் வந்தார் ஹொரேஷியோ ராப்லி. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. 1864இல் கேட் பா என்ற இடத்தில் மாவோரிகளை எதிர்த்துப் போரிட்டவர். மோகோவைப் பார்த்து மயங்கி, கோடு கோடாக வரைந்து, 1896இல் அதைப் பற்றிப் புத்தகமே போட்டார். மாவோரிக் கலைமீது உயிரையே வைத்திருந்தார் என்பார்கள். யாருடைய உயிரை என்று கேட்கக் கூடாது. அவருடைய புகைப்படம் ஒன்று பிரபலம்: மேஜர் ஜெனரல் உட்கார்ந்திருக்கிறார், பின்னால் சுவர் முழுக்க வரிசை வரிசையாகத் தலைகள். மானைச் சுட்டவன்கூட ஒன்றிரண்டு கொம்போடு நிறுத்திக்கொள்வான். 1908இல் இந்தச் சேகரத்தை ஆயிரம் பவுண்டுக்கு நியூசிலாந்து அரசுக்கே விற்கப் பார்த்தார். அரசு வேண்டாம் என்றது. அதில் பெரும்பகுதியை 1,250 பவுண்டுக்கு நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. பெயரைக் கவனியுங்கள்: இயற்கை வரலாறு. டைனோசர் எலும்பு, திமிங்கில எலும்பு, மாவோரிகள். அந்தத் தலைகள் 2014இல்தான் ஊர் திரும்பின.

பிரான்சின் கதை இன்னும் அழகு. ருவான் நகர அருங்காட்சியகம் தன்னிடம் இருந்த ஒரு தலையை 2007இல் திருப்பிக் கொடுக்க முடிவு செய்தது. பாரிஸில் இருந்த பண்பாட்டு அமைச்சகம் குறுக்கே விழுந்து தடுத்தது. தேசியச் சேகரத்தில் இருக்கும் பொருளை யாருக்கும் கொடுக்க முடியாதாம். அது பிரான்சின் பிரிக்க முடியாத சொத்தாம். கழுத்திலிருந்து பிரித்தபோது வராத கவலை கண்ணாடிப் பெட்டியிலிருந்து பிரிக்கும்போது வந்தது. 2010இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றிய பிறகு, 2012க்குள் ருவான் தலையும் மற்ற இருபது தலைகளும் திரும்பின. மனித உரிமைப் பிரகடனத்தை உலகுக்குக் கொடுத்த நாட்டில், தலை என்பது மனிதனைச் சேர்ந்தது என்று சொல்ல ஒரு சட்டம் தேவைப்பட்டது.

பிரிட்டிஷ் மியூசியம் இந்த மாதிரி உணர்ச்சிவசப்படவில்லை. 2008இல் அதன் அறங்காவலர்கள் எலும்புத் துண்டுகளைக் கொடுத்தார்கள். ஏழு தலைகளைக் கொடுக்க மறுத்தார்கள். அந்தத் தலைகளின் இறுதிச் சடங்கு இடையில் தடைபட்டது என்பது தெளிவாகவில்லை என்று ஒரு காரணமும் சொன்னார்கள். தலை லண்டனில், உடம்பு நியூசிலாந்து மண்ணில். நடுவில் இரண்டு பெருங்கடல். தடங்கலுக்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டுமென்றால் இறந்தவரே எழுந்து வந்து மனு கொடுத்தால்தான் உண்டு.

தலையோடு விட்டார்களா? ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து மனிதரைக் கடித்த கதை நமக்குத் தெரியும். இங்கே மனிதரில் தொடங்கி வீட்டுக்குப் போனார்கள்.

மாவோரிகளின் கூடல் மண்டபத்துக்கு ஃபாரெநுயி என்று பெயர். அது கட்டடம் இல்லை, ஒரு மூதாதையின் உடம்பு. கூரையின் உச்சி உத்தரம் முதுகெலும்பு. சாய்ந்து இறங்கும் கைமரங்கள் விலா எலும்புகள். முகப்பில் இருபுறமும் விரிந்த பலகைகள் கைகள். அவற்றின் நுனியில் விரல்கள்கூடச் செதுக்கியிருக்கும். உச்சியில் முகம். உள்ளே சுவரோரம் நிற்கும் செதுக்குப் பலகை ஒவ்வொன்றும் ஒரு முன்னோர். பலகைகளுக்கு இடையே நாணலும் புல்லும் கொண்டு முடைந்த தட்டிகள். வாசலைத் தாண்டி உள்ளே போகிறவர் ஒரு பாட்டனாரின் வயிற்றுக்குள் போய் உட்காருகிறார். சண்டையும் சமாதானமும் துக்கமும் அந்த வயிற்றுக்குள் வைத்துத்தான்.

வடதீவின் ஃபாக்கத்தானே ஊரில் ங்காத்தி ஆவா மக்கள் 1875இல் மாத்தாத்துவா என்ற மண்டபத்தைத் திறந்தார்கள். 1860களில் அரசு அவர்களுடைய நிலத்தைப் பிடுங்கியிருந்தது. சிதறிய மக்களைச் சேர்த்துப் பிடிக்கக் கட்டிய வீடு அது. நான்கே வருடத்தில் அரசின் கண்ணில் பட்டது. 1879இல் சிட்னியில் உலகப் பொருட்காட்சி; அனுப்பி வையுங்கள் என்றார்கள். அங்கே கொண்டுபோய் எப்படி நிறுத்தினார்கள் தெரியுமா? உள்புறத்தை வெளிப்புறமாக்கி. உள்ளே இருட்டில் இருக்க வேண்டிய செதுக்குப் பலகைகளை வெளியே பார்த்தபடி, வெயிலிலும் மழையிலும். செலவும் மிச்சம், பார்வையாளர் குனிந்து உள்ளே போகிற சிரமமும் மிச்சம். ஒரு மூதாதையின் விலாவைப் பிளந்து புறத்தே திருப்பிக் காட்டிவிட்டுக் கண்காட்சி என்று பெயர் வைத்தார்கள். கசாப்புக் கடைக்காரர்கூட இதைத் திரை போட்டுத்தான் செய்வார்.

சிட்னியிலிருந்து மெல்போர்ன். அங்கிருந்து லண்டன் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம். அங்கே கொஞ்ச நாள் நிறுத்திப் பார்த்துவிட்டுக் கழற்றி நிலவறையில் போட்டார்கள். சுமார் நாற்பது வருடம் கிடந்தது. 1924இல் வெம்ப்ளியில் பேரரசுப் பொருட்காட்சி வந்தபோது, பேரரசிடம் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் போட்டவர்களுக்கு ஞாபகம் வந்தது. எடுத்துத் தூசி தட்டி நிறுத்தினார்கள். 1925இல் கப்பலேறி நியூசிலாந்து வந்தது. சொந்த ஊருக்கு என்று நினைத்துவிடாதீர்கள். டுனெடினில் இன்னொரு பொருட்காட்சி; அது முடிந்ததும் அதே ஊரின் ஒட்டாகோ அருங்காட்சியகம். அங்கே கூரை உயரம் போதவில்லை. அருங்காட்சியகத்தின் கூரையை உயர்த்துவார்களா, முன்னோரைக் குறைப்பார்களா? பலகைகளை அறுத்துக் குறைத்தார்கள். அப்படியே எழுபது வருடம் நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் வந்து, இது மாவோரிப் பண்பாடு என்று நோட்டில் எழுதிக்கொண்டு போனார்கள்.

ங்காத்தி ஆவா மக்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1996இல் உரிமை திரும்பியது. அறுபட்டதை ஒட்டி, இல்லாததைப் புதிதாகச் செதுக்கி, 2011இல் ஃபாக்கத்தானேயில் மறுபடி திறந்தார்கள். ஊரைவிட்டுப் போய் 132 வருடம். வீட்டுக்கு வாடகை பாக்கி என்று ஒரு கணக்கு போட்டால் பிரிட்டிஷ் கருவூலம் என்ன ஆகும் என்று எனக்கு ஓர் அற்ப ஆசை.

மாத்தாத்துவாவையாவது கேட்டு வாங்கினார்கள். அதற்கு முன்பே, 1867இல், கிஸ்போர்ன் அருகே ராஹருஹி ருகுபோ என்ற பெருஞ்சிற்பி செதுக்கிய தே ஹௌ கி தூரங்கா மண்டபத்தை அமைச்சர் ரிச்மண்ட் அரசாங்கக் கப்பலில் ஏற்றிக்கொண்டே போய்விட்டார். ருகுபோ அதே ஆண்டு நாடாளுமன்றத்துக்கு மனு கொடுத்தார்: என் வீடு, என் சம்மதம் இல்லாமல் எடுத்தார்கள் என்று. நூறு பவுண்டு கொடுத்தாயிற்றே என்றது அரசு. செதுக்கியவரே உயிரோடு நின்று என்னுடையது என்கிறார். அது அரசின் காதில் ஏற 145 வருடம் பிடித்தது. 2012இல்தான் அவருடைய ரொங்கோஃபக்காத்தா மக்களுக்கு அந்த வீடு சொந்தம் என்று சட்டம் சொன்னது.

இந்த இடத்தில் தமிழர்களாகிய நமக்கும் ஒரு பங்கு உண்டு. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் நியூசிலாந்தின் வடக்கே ஓர் ஊரில் மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேக வைப்பதைப் பார்த்தார். அது உடைந்த கப்பல் மணி. சுற்றிலும் தமிழ் எழுத்து. முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று அதில் இருக்கிறது. ஓர் இரும்புப் பானையைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். இப்போது வெலிங்டனில் தே பப்பா அருங்காட்சியகத்தின் சேகரத்தில் இருக்கிறது. நியூசிலாந்து என்றால் நம் வாட்ஸ்அப் அறிஞர்களுக்கு இது ஒன்றுதான். குக்குக்கு முன்பே தமிழன் போனான் என்று மாதம் ஒருமுறை யாராவது அனுப்பிவிடுகிறார்கள். எழுநூறு ஆண்டுகளாக அங்கே குடியிருப்பவர்கள் அந்தப் பெருமைக் கதையில் கிழங்கு வேகவைக்க மட்டும் வருகிறார்கள். வெள்ளைக்காரனிடம் நாம் கற்றது ஆங்கிலம் மட்டும் இல்லை.

மனிதத் தலைக்குச் சொன்ன சட்டம் மரத்துக்கு எப்படி என்று பார்ப்போம். 1972இல் தாரநாக்கி பகுதியில் மொத்துநுயி என்ற இடத்துச் சதுப்பு நிலத்தில் ஐந்து செதுக்குப் பலகைகள் கிடைத்தன. போர்க்காலத்தில் எதிரி கையில் சிக்காமல் இருக்க முன்னோர் சேற்றில் புதைத்துவைத்தவை. அந்தக் காலத்து எதிரியிடமிருந்து தப்பின. நாட்டைவிட்டுக் கடத்தப்பட்டு, ஜார்ஜ் ஓர்டிஸ் என்ற பணக்காரச் சேகரிப்பாளர் கைக்குப் போயின. விலை 65,000 டாலர். அவர் 1978இல் லண்டனில் ஏலத்துக்கு விட்டபோது நியூசிலாந்து அரசு வழக்குப் போட்டது. பிரபுக்கள் சபை 1983இல் தீர்ப்புச் சொன்னது. அதன் சாரம்: சட்டத்தை மீறிக் கொண்டுபோனதாகவே இருக்கட்டும், ஆனால் கொண்டுபோகும்போதே சுங்கத்தார் கையும் களவுமாகப் பிடித்திருந்தால்தான் அது அரசுக்குச் சேரும். பிடிக்கத் தவறினால் கதை முடிந்தது. தப்பித்த திருட்டு திருட்டல்ல என்று இவ்வளவு கனமான பீடத்தில் உட்கார்ந்துகொண்டு யாரும் சொன்னதில்லை. 2014இல் நியூசிலாந்து 45 லட்சம் நியூசிலாந்து டாலர் கொடுத்துத் தன் பலகைகளைத் தானே வாங்கிக்கொண்டது.

இதற்கிடையில் 1984இல் ஓர் அதிசயம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ‘தே மாவோரி’ என்ற கண்காட்சி. 174 பொருட்கள். விடியற்காலையில் மூத்தோர் ஓதிக்கொண்டே உள்ளே நுழைய, அமெரிக்கப் பத்திரிகைகள் அசந்துபோயின. செலவுக்குக் கைகொடுத்தது மொபில் எண்ணெய்க் கம்பெனி. அதுவரை சொந்த நாட்டு அருங்காட்சியகங்களில் கல்லோடும் கிளிஞ்சலோடும் தூசி படிந்திருந்த அதே பொருட்கள், நியூயார்க் விளக்கு பட்டதும் மகத்தான கலை ஆகிவிட்டன. 1986இல் ஊர் திரும்பியபோது, வாழ்நாள் முழுக்க எட்டிப் பார்க்காத வெள்ளை நியூசிலாந்துக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் பாட்டன் அழகானவர் என்று மன்ஹாட்டன்காரன் சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது.

கலை என்று தெரிந்த பிறகு? கல்லா.

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நம் ஊரில் ஒரு சொலவடை உண்டு. நெய் தீரவே தீராது என்று தெரிந்தால் கை எவ்வளவு தாராளமாகும் பாருங்கள். தென்தீவின் பச்சைக் கல் பொவுனாமு. தலைமுறை தலைமுறையாகக் கழுத்தில் மாற்றி மாற்றி அணிந்து, போட்டவர் ஒவ்வொருவரின் கதையும் சேர்ந்துகொள்ளும் ஹெய் திகி உருவத்தை அந்தக் கல்லில் செதுக்குவார்கள். தோலில் உராய்ந்து உராய்ந்தே அதற்கு ஒரு மெருகு ஏறும். நூறு வருடத்துக்கு முன்பு அந்தக் கல்லைக் கப்பலேற்றி ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன் ஊர்ப் பட்டறைகளில் அறுத்துத் திகி செய்து திரும்ப விற்றார்கள். பிறகு அதுவும் கட்டுப்படியாகவில்லை, பிளாஸ்டிக் வந்தது. ஏர் நியூசிலாந்து விமானத்தில் ஏறியவர்களுக்குப் பச்சை பிளாஸ்டிக் திகி இலவசம். கோட்டோவியமாக மோகோ முகத்தை அச்சடித்த பாத்திரம் துடைக்கும் துணியும் கடையில் கிடைத்தது. சமைத்த சோறு தலையில் படக் கூடாது என்றார்கள் அல்லவா? அந்த முகத்தால் எச்சில் தட்டைத் துடைத்துக்கொள்ளலாம், சுற்றுலா வளர்கிறது.

2001இல் லெகோ பொம்மைக் கம்பெனி புது விளையாட்டு ஒன்றுக்கு மாவோரிச் சொற்களை அள்ளிக்கொண்டது. எதிர்ப்பு வந்ததும் சிலவற்றை மாற்றியது. சரி, அதற்காவது வெட்கம் இருந்தது. ஃபிலிப் மாரிஸ் 2005இல் இஸ்ரேலில் ‘மாவோரி மிக்ஸ்’ என்று சிகரெட் விற்றது, பெட்டியில் மாவோரிப் பாணி ஓவியத்தோடு. நியூசிலாந்தில் விகிதப்படி புகையிலைக்கு அதிகம் பலியாகிறவர்கள் மாவோரிகள்தான். சாகிறவன் படத்தையே சரக்கின் மேல் போடும் நேர்மை எல்லாக் கம்பெனிக்கும் வாய்க்காது. கேள்வி வந்தது, மன்னிப்புக் கேட்டார்கள்.

குத்துச்சண்டைக்காரர் மைக் டைசனின் கண்ணோரம் வளைந்து ஏறும் பச்சையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 2003இல் விட்மில் என்ற அமெரிக்கர் குத்தியது. மாவோரிப் பாணியின் சாயல் அதில் அப்பட்டம். 2011இல் ஹாலிவுட் படம் ஒன்றில் இன்னொரு நடிகரின் முகத்தில் அதே கோடு வந்தது. என் படைப்பைத் திருடிவிட்டார்கள் என்று விட்மில் வார்னர் பிரதர்ஸ்மேல் வழக்குப் போட்டார்! கோர்ட்டு கேலி செய்து துரத்தவில்லை. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே நீதிபதி கருதினார். வழக்கு சமரசமாக முடிந்தது. சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 2003இல் வரைந்தவனுக்கு உரிமை உண்டு. முந்நூறு வருடம் முன்பு வரைந்தவன் செத்துவிட்டான், காப்புரிமைக் காலம் கடந்துவிட்டது, அவன் பேரனுக்கு ஒன்றும் இல்லை. எங்கள் கலைக்கும் அறிவுக்கும் எங்களுக்கே பொறுப்பு வேண்டும் என்று ஆறு மாவோரிகள் 1991இல், ஒப்பந்த மீறல்களை விசாரிக்கும் வைதாங்கி தீர்ப்பாயத்தில் வழக்குக் கொடுத்தார்கள். அறிக்கை 2011இல் வந்தது. அதற்குள் ஆறு பேரில் ஐந்து பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். விட்மில் வழக்கு இரண்டே மாதத்தில் முடிந்தது.

ஏர் நியூசிலாந்தை இன்னும் முடிக்கவில்லை. 1973இலிருந்து அதன் விமான வாலில் கோரு என்ற சுருள் இருக்கிறது. சுருண்டு விரியும் பெரணிக் குருத்து. மாவோரிச் செதுக்கு வேலைக்கு உயிர்நாடியான வடிவம். ஆனால் அதே சுருளைத் தாடையிலோ கையிலோ வைத்துக்கொண்டு வேலை கேட்டு வந்த மாவோரிகளுக்கு வேலை இல்லை. வெளியே தெரிகிற பச்சை கூடாது என்பது விதி. அலுமினியத்துக்கு அழகு, தோலுக்கு அசிங்கம். விதி மாறியது எப்போது? 2019 செப்டம்பரில். அதே ஆண்டில் மாவோரிகள் ஒருவரையொருவர் வணங்கச் சொல்லும் ‘கியா ஓரா’வை வைத்துத் தங்கள் விமானப் பத்திரிகைச் சின்னத்துக்கு வணிகமுத்திரை கேட்டு விண்ணப்பித்தார்கள் என்பது வெளியே வர, ஊர் கொதித்தது; விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார்கள். வணக்கத்துக்கும் பட்டா போடப் பார்த்தவர்கள் நம்மிடம்கூடக் குறைவு.

முகத்தோடு வருகிறவர்களை என்ன செய்வது என்பதுதான் இப்போது பிரச்சினை. நனாயா மஹுத்தா 2016இல் தாடையில் மோகோ குத்திக்கொண்டு, 2020இல் நாட்டின் வெளியுறவு அமைச்சரானார். ஒரினி கைபாரா 2021இல் மோகோ தாடையோடு முன்னிரவு முதன்மைச் செய்தி வாசித்தார். இது கண்ணை உறுத்துகிறது என்று பார்வையாளர் ஒருவர் புகார் மேல் புகார் அனுப்பினார். அவர் வீட்டுச் சமையலறையில் மோகோ முகம் அச்சடித்த அந்தத் துணி தொங்கியிருந்தாலும் எனக்கு ஆச்சரியம் இல்லை.

முழு முகமும் மோகோ கொண்ட ராவிரி வைத்தித்தி, 2021 பிப்ரவரியில் நாடாளுமன்றத்துக்குக் கழுத்துப்பட்டி இல்லாமல் வந்தார். கழுத்தில் பொவுனாமு திகி தொங்கியது. எங்கள் முறைப்படி இதுதான் மரியாதையான உடை என்றார். சபாநாயகர் வெளியே அனுப்பினார். விமானத்தில் இலவசமாகக் கொடுத்த திகிக்கு ஒரு தீங்கும் இல்லை. உண்மையான கல்லில் உண்மையான மாவோரி அணிந்து வந்தால் சபையின் மாண்பு குலைந்துவிடுகிறது. மானக்கேடு தாங்காமல் மறுநாளே விதியை மாற்றினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2024 நவம்பரில் 1840 வைதாங்கி ஒப்பந்தத்துக்குப் புது அர்த்தம் எழுதப் பார்த்த மசோதா வந்தது. இளம் உறுப்பினர் ஹானா-ராஃபிதி மைபி-கிளார்க் அதன் பிரதியைக் கிழித்து ஹாக்கா என்ற மாவோரி மரபு ஆட்டம் ஆட, வைத்தித்தியும் அவருடைய கட்சியின் இணைத்தலைவரான டெபி ங்காரெவா-பாக்கரும் எழுந்து சேர்ந்தார்கள். ரக்பி மைதானத்தில் ஹாக்கா ஆடினால் தேசப் பெருமை, டிக்கெட் விற்கும். வெளிநாட்டுப் பிரமுகர் வந்தால் ஹாக்கா விருந்தோம்பல். மாவோரிகள் தங்கள் சொந்தக் காரியத்துக்காக ஆடினால் மட்டும் ஒழுங்கீனம். 2025 ஜூனில் தலைவர்கள் இருவருக்கும் 21 நாள் இடைநீக்கம், மைபி-கிளார்க்குக்கு 7 நாள். அதற்கு முன் அந்தச் சபை கொடுத்திருந்த அதிகபட்சத் தண்டனை மூன்று நாள்.

அந்த விவாதத்தில் வெளியுறவு அமைச்சர் வின்ஸ்டன் பீட்டர்ஸ், மஹுத்தா உட்கார்ந்த அதே பதவியில் இருப்பவர், வைத்தித்தியைச் சுட்டி, முகத்தில் கிறுக்கல் உள்ளவர் என்ற பொருளில் நையாண்டி செய்தார். அவரும் மாவோரி வம்சாவளிதான். அதில் நமக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, அவர் குடும்பத்துப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் கிறுக்கல் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1840இல் ஒப்பந்தத்துக்குச் சம்மதித்த ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தலைவர்களில் பலர் தங்கள் பெயரை எழுத்தில் எழுதவில்லை. முகத்து மோகோவிலிருந்து ஒரு கோட்டை, ஒரு சுருளை அந்த ஒப்பந்தத்தில் வரைந்து கொடுத்தார்கள். அதைச் செல்லுபடியாகும் கையெழுத்து என்று வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் பிரிட்டிஷ் முடியரசு ஆட்சியை எடுத்துக்கொண்டது. சபை, சபாநாயகர், கழுத்துப்பட்டி விதி, வெளியுறவுத் துறை எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. அமைச்சருக்கு அது கிறுக்கலாகத் தெரிந்தால் தாராளமாகச் சொல்லட்டும். நாட்டின் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு, வாசலுக்கு வெளியே நின்று சொல்லட்டும்.